வேலூரில் இன்டீரியர் வேலைக்கு வர நினைக்கிறீர்களா? டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எப்படியும் இரண்டு மூன்று பெற்றோர் எங்கள் பட்டறைக்கு வந்துவிடுவார்கள். பையனோ பெண்ணோ பின்னால் ஃபோனைப் பார்த்தபடி நிற்கும். கேள்விதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. முன்பெல்லாம் "இதுல மாசம் இன்னா கெடைக்கும் சார்?" என்பார்கள். போன வருடம் காட்பாடியிலிருந்து வந்த ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: "ரூம ஃபோட்டோ புடிச்சு ஃபோன்ல போட்டா டிசைன் வந்துடுதாமே சார். இவன் நாலு வருஷம் படிச்சிட்டு வரப்போ வேலைன்னு ஒண்ணு மிச்சம் இருக்குமா?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது. படம் போட்டுக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் வருவதென்றால் வேண்டாம், அதற்கான கூலி வருடாவருடம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தை ஒரு வீட்டின் கோணல் சுவருக்குள் உட்கார வைத்து, கதவு தொங்காமல், கரையான் ஏறாமல், வீட்டுக்காரர் திட்டாமல் பத்து வருடம் நிற்க வைக்கிற வேலைக்கு வருவதென்றால் தாராளமாக வரலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரிந்த நம் பழைய மாவட்டம் முழுக்க அந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறைதான்.

எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம்.

படி 1: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆர்க்கிடெக்ட் வேறு, இன்டீரியர் டிசைனர் வேறு. 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். இதுதான் இந்தத் தொழிலின் வசதி, இதுதான் இதன் தலைவலியும். விசிட்டிங் கார்டு அடிக்கும்போது 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல் தவறியும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடம் படிக்க வசதியும் பொறுமையும் இருந்தால் பி.ஆர்க். நல்லது. அதற்கு நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் ஊரிலேயே வி.ஐ.டி.யில் ஆர்க்கிடெக்சர் பள்ளி இருக்கிறது. உள்வடிவமைப்பு மட்டும் போதும் என்றால் பி.டெஸ்., பி.எஸ்சி., டிப்ளமோ என்று பல ஊர்களில் இருக்கின்றன. ஐ.டி.ஐ. பாடப்பிரிவுகளில் 'இன்டீரியர் டிசைன் அண்ட் டெக்கரேஷன்' என்று ஒரு வருடப் படிப்பு உண்டு. 'டிராஃப்ட்ஸ்மேன் சிவில்' இரண்டு வருடம். கையில் பணம் இல்லாத பிள்ளைகளுக்கு நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன். பிளான் படிக்கத் தெரிந்தவன் எங்கே போனாலும் பட்டினி கிடக்க மாட்டான்.

'மூன்று மாதத்தில் டிசைனர் ஆகலாம்' என்கிற விளம்பரங்களைப் பற்றி ஒரே வார்த்தை: மூன்று மாதத்தில் சாஃப்ட்வேர் வரும், தொழில் வராது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை நாள் சைட்டுக்குக் கூட்டிப் போவீங்க?" பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

படி 2: டேப் பிடிக்கக் கற்பது

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. டேப் பிடிக்க என்ன கற்க வேண்டும்?

நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், சத்துவாச்சாரியில் ஒரு வீடு. இரண்டு சுவருக்கு நடுவே அலமாரி. தரையோடு டேப்பை வைத்து அளந்தேன், 6 அடி 2 இஞ்ச். புத்திசாலித்தனமாக அரை இஞ்ச் விட்டு 6 அடி ஒன்றரை இஞ்சில் பெட்டியைப் பட்டறையில் செய்து, வண்டி வைத்து ஏற்றிப் போய், நாலு பேர் தூக்கி உள்ளே தள்ளினோம். தரைப் பக்கம் போய்விட்டது, மேல் பக்கம் சிக்கிக்கொண்டது. ஐந்தடி உயரத்தில் பூச்சு முக்கால் இஞ்ச் வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நான் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எங்களோடு இருந்த பெரிய ஆசாரி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "செவுரு இன்னா, உன் டிராயிங்கப் பாத்துகினா நிக்குது தம்பி?" பக்கப் பலகையைக் கழற்றி, இழைத்து, மேலே ஒட்டுகிற மெல்லிய தகடான லேமினேட்டைப் புதிதாக ஒட்டி முடிக்க இரண்டு நாள். ஒரு ஷீட் பிளைவுட் என் கணக்கில் போனது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். அகலத்தைக் கீழே, நடுவில், மேலே என்று மூன்று உயரத்தில் எடுப்பேன். அதையே சுவரின் முன்பக்கமும் உள்பக்கமும் எடுப்பேன். ஆறு எண்ணில் எது சிறியதோ அதுதான் கணக்கு. மிச்ச இடைவெளியை ஃபில்லர் பட்டை மறைத்துக்கொள்ளும்.

அடுத்தது மூலை. கொத்தனார் கட்டிய மூலை 90 டிகிரி என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியில் பென்சில் கோடு, மறு சுவரில் 4 அடியில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கூட வந்தால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. முழு அறைக்கும் இதே கணக்கு: 9-க்கு 12 அறையின் மூலைவிட்டம் 15 அடி. சமையலறை மேடைக்குக் கிரானைட் வெட்டக் கொடுக்கும் முன் இதைச் செய்யாதவர்கள், கல்லுக்கும் சுவருக்கும் நடுவே முக்கோணமாக ஒரு சந்து விட்டு, அதில் வெள்ளை சிமென்ட் அடைத்துவிட்டு வருவார்கள். கரப்பான் பூச்சிக்கு நிரந்தர வீடு.

தரையையும் நம்ப வேண்டாம். தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுத்த சாய்வு ஹால் வரை வந்திருக்கும். ரசமட்டமும், தண்ணீர் நிரப்பிய ட்யூப் மட்டமும் போதும். லேசர் மட்டம் வாங்க முடிந்தால் வாங்குங்கள், உங்கள் முதல் நல்ல முதலீடு அதுதான்.

பயிற்சிக்கு உங்கள் வீட்டையே எடுங்கள். எல்லா அறையையும் அளந்து கையால் வரையுங்கள். ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடி, சுவிட்ச் போர்டு எங்கே, பீம் எவ்வளவு தொங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது எல்லாம் வர வேண்டும். பிறகு அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவர் அந்த அறையைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். இப்படி பத்து வீடு வரைந்தால் கண் பழகிவிடும்.

படி 3: ஆறு மாதம் பட்டறையில், முடிந்தால் இரண்டு மாதம் கடையில்

பிளைவுட் கடையில் பில் போடும் வேலை கிடைத்தால்கூடப் போங்கள். எந்த டிசைனர் எதை வாங்குகிறார், எது திரும்பி வருகிறது என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிளைவுட் ஷீட் 8-க்கு 4, அதாவது 32 சதுர அடி. அலமாரிப் பெட்டிக்கு 18 மி.மீ., முதுகுக்கு 6 மி.மீ. என்பது இங்கே வழக்கம். எம்.ஆர். என்று வருவது ஈரத்தை ஓரளவே தாங்கும், ஈரம் படாத இடத்துக்கு. சிங்க் அடியில், பாத்ரூம் சுவரை ஒட்டி வைக்க ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகை. எம்.டி.எஃப்., ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர்., பார்ட்டிகிள் போர்டு, டபிள்யூ.பி.சி. என்று பலகையில் இன்னும் பல வகை உண்டு. கடைக்காரர் எல்லாவற்றையும் வாட்டர் ப்ரூஃப் என்றுதான் சொல்வார். ஒரு துண்டு வாங்கி வந்து வாளித் தண்ணீரில் மூன்று நாள் ஊறப் போட்டுவிட்டு ஓரம் ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்றும் புதுச் சரக்கு எதையும் இப்படிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

இனி, கொட்டேஷன் எங்கே தப்புகிறது என்பதை ஓர் அலமாரியை வைத்துப் பார்ப்போம். அகலம் 6 அடி, உயரம் 7 அடி, ஆழம் 2 அடி. நடுவில் ஒரு தடுப்பு, பக்கத்துக்கு நான்கு தட்டு, நான்கு கதவு, டிராயர் இல்லை. வீட்டுக்காரருக்கு இது 42 சதுர அடி, ஏனென்றால் முன்பக்கத்தைத்தான் பேசுகிறோம். பலகைக் கணக்கு வேறு. பக்கப் பலகை இரண்டும் தடுப்பும் சேர்த்து 42, மேலும் கீழும் 24, தட்டு எட்டுக்கு 48, கதவு 42. ஆக 156 சதுர அடி. 32-ஆல் வகுத்தால் ஐந்து ஷீட்டுக்குக் கொஞ்சம் குறைவு. புதிதாக வருகிறவர் ஐந்து ஷீட் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

வெட்டிப் பாருங்கள். 7-க்கு 2 பலகை ஒரு ஷீட்டில் இரண்டுதான் வரும், மூன்றுக்கு இரண்டு ஷீட் உடைக்க வேண்டும். 6-க்கு 2 இரண்டுக்கு ஒன்று. ஒன்றரை அடி அகலக் கதவு ஒரு ஷீட்டுக்கு இரண்டு, ஆக நாலுக்கு இரண்டு ஷீட். தட்டு எட்டில் மூன்று இந்த வெட்டுகளின் மிச்சத்திலேயே வந்துவிடும், மீதி ஐந்துக்கு இன்னொரு ஷீட். மொத்தம் ஆறு. முதுகுக்கு 6 மி.மீ. இரண்டு தனி. மிச்சத்தில் தட்டு எடுக்கத் தெரியாத ஆள் வெட்டினால் ஏழு ஆகும். அந்த ஒரு ஷீட்தான் சின்ன வேலையில் உங்கள் லாபம். வெட்டுப் படத்தை நீங்களே வரைந்து ஆசாரி கையில் கொடுக்கப் பழகுங்கள். இதற்கும் இன்று சாஃப்ட்வேர் வந்துவிட்டது, ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டவருக்குத்தான் சாஃப்ட்வேர் தப்பாகக் கொடுத்தால் தெரியும்.

ரேட் எதையும் இங்கே எழுதவில்லை. நீங்கள் படிக்கும்போது அது பழசாகிவிடும்.

படி 4: வீட்டுக்காரர் சொல்லாததைக் கேட்பது

ஃபோனில் வருகிற படங்களில் ஒரு சமையலறையாவது பார்த்திருப்பீர்கள். வெள்ளை மேடை, ஓர் எலுமிச்சைத் தட்டு, ஜன்னலுக்கு வெளியே மரம். அதில் வெட் கிரைண்டர் எங்கே? 25 கிலோ அரிசி மூட்டை? 20 லிட்டர் தண்ணீர் கேன்? மாற்று சிலிண்டர்? ஊறுகாய் ஜாடி, இட்லிப் பானை, வருடத்துக்கு ஒருமுறை இறங்குகிற அதிரசச் சட்டி? படத்துக்கு இதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் இந்த ஊர் வீட்டில் வளர்ந்தவர். தொழிலின் எதிர்காலம் பற்றிய கவலைக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

மேடை உயரம் வழக்கமாக 32 முதல் 34 இஞ்ச். அதை அப்படியே போடாதீர்கள். சமைக்கிறவரை நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளங்கள். அதிலிருந்து நாலைந்து இஞ்ச் கீழே இருந்தால் காய் நறுக்கத் தோள் வலிக்காது. சமைப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். குடியாத்தத்தில் ஒரு வீட்டில் பேசியதெல்லாம் மருமகளோடு, அளந்ததும் மருமகளைத்தான். வேலை முடிந்த அன்று அடுப்பேற்றியது மாமியார். நாலே முக்கால் அடி இருப்பார். அவருக்கு ஒரு மரப்பலகை செய்து கொடுத்துவிட்டு வந்தேன், அதில் ஏறி நின்றுதான் இன்றும் தாளிக்கிறார்.

வாஸ்துவை முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது யாருக்கும் வேண்டாத விஷயம். அக்னி மூலையில் அடுப்பு, ஈசானியத்தில் பூஜை என்பதை டிராயிங் முடிந்த பிறகு மாமா ஒருவர் வந்து சொன்னால் முதலிலிருந்து போட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் போனால் முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே பார்வை மறைப்பு வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேண்டும் என்பார்கள், கேட்டதற்காகவே உங்கள் மேல் மரியாதை வரும். தண்ணீர் என்ன தண்ணீர் என்றும் கேளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டும் கறுப்புக் குழாயும் போட்டால் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும், பழி உங்கள் மேல் விழும்.

படி 5: கம்ப்யூட்டர்

பிளான் வரைய 1982-ல் வந்த ஆட்டோகேட், முப்பரிமாணத்தில் காட்ட 2000-ல் வந்த ஸ்கெட்ச்அப், இரண்டும் தெரிந்தால் போதுமானது. ஸ்கெட்ச்அப்பை இணையத்தில் இலவசமாகவே பழகலாம். மேலே அழகு காட்ட, ஃபோட்டோ மாதிரி படம் தருகிற ஒரு ரெண்டரிங் சாஃப்ட்வேர்.

ஏஐ படங்களை எதிரியாகப் பார்க்க வேண்டாம். முன்பெல்லாம் வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று சந்திப்பு ஆகும். "சிம்பிளா, ஆனா ரிச்சா" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது. இப்போது பத்து நிமிடத்தில் எட்டுப் படம் போட்டுக் காட்டி, "இதுல எது பிடிக்கல?" என்று கேட்கிறேன். எது பிடிக்கும் என்று கேட்டால் எட்டும் பிடிக்கும் என்பார்கள். பிடிக்காததைக் கேட்டால்தான் வேலை நகரும்.

அந்தப் படத்தை அப்படியே செய்து தருவதாக மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போன வருடம் ஒருவர் கொண்டுவந்த படத்தில் கூரை 14 அடி உயரம், அவர் வீட்டில் பத்தடிக்கும் குறைவு. படத்தில் ஜன்னல் இருந்த இடத்தில் நிஜத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். தூண் ஒன்றை ஏஐ சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை, "இந்தத் தூண ஒடச்சிட்டா ஹால் பெருசாயிடும் போல" என்று மகிழ்ச்சியாக வேறு சொன்னார். தூண், பீம், சுவர் எதில் கை வைப்பதாக இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் சுத்தியல் தொடக்கூடாது. கொசப்பேட்டை மாதிரி பழைய தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன: மர உத்தரம், அதன் மேல் சுண்ணாம்பில் அடுக்கிய செங்கல். அங்கே பெரும்பாலும் சுவர்தான் பாரத்தைத் தாங்குகிறது.

படி 6: வேலூருக்கென்று ஒரு வேலையைப் பிடிப்பது

பெரிய கம்பெனிகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மாடுலர் கிச்சனும் அலமாரியும் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும். அவர்களோடு விலையில் மோதினால் தோற்போம். அவர்கள் வராத இடம் மூன்று எனக்குத் தெரியும்.

முதலாவது, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளும் மாத வாடகை அறைகளும். மேற்கு வங்கம், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வருகிற நோயாளி குடும்பம் வாரக்கணக்கில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடும். அறைக்குள் ஒரு சின்ன மேடை, சிங்க், ஸ்டவ் வைக்க இடம். உரிமையாளருக்கு வேலை மலிவாக வேண்டும், சீக்கிரமாக வேண்டும், உடையக் கூடாது. தரையைத் தினம் ஃபீனாயில் ஊற்றிக் கழுவுவார்கள். பிளைவுட் பெட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடி ஓரம் ஊதி, லேமினேட் வாய் பிளந்துவிடும். நாங்கள் இப்போது பெட்டியை நாலு இஞ்ச் ஸ்டீல் காலில் நிறுத்திவிடுகிறோம், இல்லாவிட்டால் கடப்பாக்கல் மேடை கட்டி அதன் மேல் வைக்கிறோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் இருக்கிறதா, டிரிப் பாட்டில் மாட்ட ஒரு கொக்கி உண்டா என்றெல்லாம் யோசித்தால், ஒரு லாட்ஜ் முடிந்ததும் அடுத்த லாட்ஜ்காரர் தானாகக் கூப்பிடுவார்.

இரண்டாவது, முதியோரும் சக்கர நாற்காலியில் இருப்போரும் வாழ்கிற வீடுகள். இதில் வேலூருக்கு ஒரு பாரம்பரியமே இருக்கிறது. சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966-ல் திறந்த மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில் வந்தது. அங்கே பயிற்சி முடித்து வீட்டுக்குத் திரும்புகிற நோயாளியை அவருடைய சொந்த வாசற்படியே தடுத்து நிறுத்திவிடுகிறது. சாய்தளத்துக்கு 1-க்கு 12 கணக்கு. தெருவிலிருந்து வீடு 2 அடி உயரம் என்றால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். காம்பவுண்டுக்குள் அவ்வளவு நீளம் இருக்காது, மடக்கித்தான் கொண்டுவர வேண்டும். கதவுத் திறப்பு 900 மி.மீ., நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம், பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கைப்பிடிக் கம்பி ஒரு ஆளின் பாரத்தைத் தாங்குகிற சுவரில் இறங்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் காந்தி நகரில் தனியாக என்கிற வீடுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. இந்த வேலையைப் புரிந்து செய்கிறவர்களை இங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மூன்றாவது வெயில். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், வெயில் மட்டும் போகவே இல்லை. சுற்றிலும் பாறை மலை, கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். மேற்குச் சுவரில் படுக்கையின் தலைமாட்டை வைத்து டிசைன் செய்தவர் ஒருமுறை அந்த அறையில் மே மாதம் படுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் முழு நீளத்துக்கு அலமாரி வைத்தால் சூட்டைக் கொஞ்சம் அது வாங்கிக்கொள்ளும். மாடி வெயில் தாங்க மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, ஜன்னலுக்கு வெளியே நிழல், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழி, இவை முடிந்த பிறகு ஏ.சி. பற்றிப் பேசலாம். அறை முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கூரையைத் தாழ்த்திவிட்டு, ஃபேன் அனல் வீசுகிறது என்று புலம்புகிற வீடுகள் எனக்குத் தெரியும். ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை போட்டிருந்தால் செலவும் மிச்சம்.

அழகுக்கும் தூரம் போக வேண்டாம். கரிகிரி மண்பாண்டம், குடியாத்தம் கைத்தறி இரண்டும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, எங்கோ செய்த பிளாஸ்டிக் பூந்தொட்டியை ஆன்லைனில் வாங்கி வைப்பானேன்?

படி 7: பணமும் காகிதமும்

"டிசைன் ஃப்ரீதானே?" என்ற கேள்வி முதல் நாளே வரும். சென்னையில் டிசைனுக்கென்று தனியாகக் கட்டணம் வாங்க முடிகிறது, இங்கே கஷ்டம். நான் செய்வது இது: அளந்து, வரைந்து கொடுப்பதற்கு ஒரு சிறு தொகை முன்கூட்டியே வாங்கிவிடுவேன். வேலையை என்னிடமே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வேன். அந்தத் தொகைகூடக் கொடுக்க மனமில்லாதவர், உங்கள் டிராயிங்கை வாங்கிப் போய் வேறு ஆளிடம் ரேட் கேட்கப் போகிறார். முதல் மூன்று வருடம் எனக்கு அதுதான் நடந்தது.

கொட்டேஷனில் 'நல்ல குவாலிட்டி பிளைவுட்' என்று எழுதாதீர்கள். பிராண்ட், வகை, தடிமன், லேமினேட் எத்தனை மி.மீ., கீல் எது, டிராயர் ஓடுகிற சேனல் எது, உள்பக்கம் என்ன ஒட்டுகிறோம், எலக்ட்ரிகல் யார் பொறுப்பு, குப்பையை யார் அள்ளுவது என்பது வரை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பணத்தை நான்காகப் பிரியுங்கள்: உறுதி செய்யும்போது பத்து சதவீதம், சரக்கு வாங்கும் முன் நாற்பது, பெட்டி சைட்டுக்கு வந்ததும் நாற்பது, முடித்துச் சாவி கொடுக்கும்போது பத்து. கடைசிப் பத்து சதவீதம் தாமதமாகும், சிலரிடம் வரவே வராது. உங்கள் லாபம் முழுவதும் அந்தப் பத்தில் மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். இன்டீரியர் வேலைக்கு வரி 18 சதவீதம். இதை முதல் கொட்டேஷனிலேயே தனி வரியாகக் காட்டுங்கள், பிறகு சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.

படி 8: ஆட்கள்

நம் ஆசாரிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறைகளில் இப்போது ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத் தச்சர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்ளுங்கள். எண்களும் மேலே, கீழே, இடது, வலது, இழை, வெட்டு மாதிரி ஐம்பது சொல்லும் போதும். டிராயிங்கில் எழுத்தைக் குறைத்து எண்ணைக் கூட்டுங்கள். சிலர் மி.மீ. கணக்கு, சிலர் இஞ்ச் கணக்கு. ஒரே டிராயிங்கில் இரண்டையும் கலந்தால் என்ன நடக்கும் என்று ஒரு நாள் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலக் கூலியைச் சனிக்கிழமை சாயங்காலமே கொடுங்கள். வீட்டுக்காரர் பணம் வரவில்லை என்பது உங்கள் கதை, தச்சருக்கு அது தேவையில்லை.

படி 9: முதல் வேலை, அதன் பிறகு

முதல் வேலை சொந்தக்காரர் வீடாகத்தான் இருக்கும். இருக்கட்டும். லாபம் இல்லாமல்கூடச் செய்யுங்கள், கொட்டேஷனும் கையெழுத்தும் இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள். சித்தப்பாவாக இருந்தாலும் சரி. வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். சுவருக்குள் போகிற ஒயர், பைப் எல்லாவற்றையும் மூடும் முன் டேப்பை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஆணி அடிக்க வேண்டும் என்று ஃபோன் வரும்போது அது உதவும்.

ஒரு மழைக்காலமும் ஒரு மே மாதமும் கழிந்த பிறகு, யாரும் கூப்பிடாமலே அந்த வீட்டுக்குப் போங்கள். பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் எண்ணெயும் போதும். எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து மூடுங்கள், தொங்குகிற கீலை முடுக்குங்கள், சிங்க் அடியில் கை விட்டுத் தடவிப் பாருங்கள். எது நின்றது, எது ஊதியது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிட வேலை. காபி குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள், மறுக்காமல் உட்காருங்கள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து "இது யாரு, உங்க கிச்சன் பண்ணவரா?" என்று கேட்பது அந்த நேரத்தில்தான்.